குறி, சீட்டு, பேய், ஒத்தையாட்டம்

சனிக்கிழமை எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. ஃப்ளெக்ஸ் கடைக்குப் போய் நாலு ஸ்டிக்கரை வாங்கிட்டு வரணும். அவ்வளவுதான்.

எதுக்கு ஸ்டிக்கர்னு கேப்பீங்க. என் விளையாட்டுப் பெட்டிங்க மேல ஒட்டுறதுக்கு. நான் சோலோ ஆர்பிஜி ஆடுறவ. அது என்னன்னு தெரியாதவங்களுக்கு மட்டும் கொஞ்சம் சொல்லிடுறேன், தெரிஞ்சவங்க ஒரு வாய் காப்பி குடிச்சுட்டு வாங்க.

இந்தக் கதை விளையாட்டுக்குச் சாதாரணமா நாலஞ்சு பேர் வேணும். ஒருத்தர் கதை சொல்லுவாரு. மத்தவங்க அந்தக் கதைக்குள்ள வீரன், திருடன், சூனியக்காரின்னு ஆளுக்கு ஒரு வேஷம் எடுத்துப்பாங்க. சண்டைல யாரு பொழைச்சா, கதவு தொறந்துச்சா இல்லையாங்கிறதெல்லாம் பகடை முடிவு பண்ணும்.

கோவில்பட்டியில இதுக்கு நாலு பேரைத் தேடி நானும் அலைஞ்சு பாத்தேன். ஒருத்தி வந்தா. "இந்தா, சீரியல் முடியவும் வந்துருதேன்"னு போனா. அந்த சீரியல் இன்னும் முடியல போல.

அதனால நானே கதை சொல்லி, நானே வீரனா போய், நானே சாவேன். இப்படி ஒத்த ஆளா ஆடுறதுக்குன்னே நிறைய விளையாட்டு வந்திருக்கு. அதுல பாதி என் கட்டிலுக்கு அடியில கிடக்கு.

கிடந்துட்டுப் போகட்டும்னு விட்டிருக்கலாம். ஆனா என் பொழப்பு மெடிக்கல் கோடிங். அமெரிக்காவுல ஒருத்தர் கீழ விழுந்தா, வலது முழங்காலா, இடது முழங்காலா, தானா விழுந்தாரா, நாய் முட்டி விழுந்தாரான்னு பாத்து நான் இங்க உக்காந்து அதுக்கு ஒரு நம்பர் போடணும். ஊர்ல இருக்கிற முழங்காலை எல்லாம் வகை பிரிக்கிறவளுக்குத் தன் கட்டிலுக்கு அடியில இருக்கிறதைப் பிரிக்கலைன்னா தூக்கம் வருமா?

எப்படிப் பிரிக்கிறதுன்னு இணையத்துல போய்க் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அங்க ஏற்கனவே குடுமிப்பிடி சண்டை.

எதை வச்சு ஆடுறோம்னு பாருங்க, பகடைன்னா ஒண்ணு, சீட்டுன்னா ஒண்ணுன்னு ஒரு கோஷ்டி. இல்ல, ஆடி முடிச்சதும் கையில என்ன மிச்சம் இருக்குன்னு பாருங்க, டைரியா, மேப்பான்னு இன்னொரு கோஷ்டி. அட கிறுக்கனுங்களா, கதை சொல்றவர் இல்லாத இடத்துல அவர் வேலையை எது செய்யுதுன்னு பாத்துப் பிரிங்கடான்னு ஒருத்தர். ஒத்த ஆளுக்குன்னே பொறந்த விளையாட்டா, இல்ல கூட்டத்துக்குப் பொறந்ததை இழுத்து வச்சு ஒத்தையா ஆடுறோமா, அதுதான் முக்கியம்னு வேற ஒருத்தர்.

எல்லாரும் சொல்றது சரியாத்தான் இருந்துச்சு. அதுதான் பிரச்சனை. கடைசியில எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து, நானே நாலு வகை வச்சேன்.

சில விளையாட்டுல நாம கேள்வி கேக்கணும், பகடை ஆமா இல்லைன்னு பதில் சொல்லும். இங்கிலீஷ்ல அதுக்கு ஆரக்கிள்னு பேரு. நம்ம தமிழ்ல அழகா 'குறி'ன்னு வச்சேன். சில விளையாட்டுல சீட்டுக்கட்டுல ஒண்ணை உருவி, என்ன வருதோ அதுக்குத் தகுந்த மாதிரி டைரி எழுதணும். அது 'சீட்டு'. குகைக்குள்ள மேப் வரைஞ்சுக்கிட்டே போறது ஒரு ரகம். 'குகை'ன்னுதான் வைக்கணும், ஆனா குகையை விட உள்ள இருக்கிற பேய்தான் அதிகம்ங்கிறதால 'பேய்'. கூட்டமா ஆட வேண்டியதை நான் வம்படியா தனியா ஆடுறதெல்லாம் 'ஒத்தையாட்டம்'.

என்ன அருமையான தமிழ்! எனக்கே என்னை நினைச்சுப் பெருமையா இருந்துச்சு.

நாலு வகையோட பேரையும் சேத்து ஒரே மூச்சுல ஒரு தடவை வாசிச்சுப் பாத்திருக்கணும். வாசிக்கல.

வெள்ளிக்கிழமை வேலைக்கு நடுவுல ஃப்ளெக்ஸ் கடை அண்ணாச்சிக்கு வாட்ஸப்ல பேசி அனுப்பிட்டேன். "அண்ணாச்சி, குறி, சீட்டு, பேய், ஒத்தையாட்டம், இந்த நாலும் வேணும். ஆறுக்கு மூணு. மஞ்சள்ல செவப்பு எழுத்து, பளிச்சுன்னு தெரியணும். வீட்டுலதான் வைக்கப் போறேன்."

அண்ணாச்சி ஒரு கட்டை விரலைக் காட்டினாரு. கூடவே ஒரு கும்பிடு. கும்பிடு எதுக்குன்னு நான் அப்பவே யோசிச்சிருக்கணும்.

சனிக்கிழமை காலையில வண்டியை எடுக்கும்போதே வீட்டுக்காரர் போன். எங்க வீட்டு மாடியில இருக்காரு, எங்ககிட்ட வாடகை வாங்குறவரு.

"யம்மா, ஒங்க வீட்டுல நீங்க என்ன வேணா செய்யுங்க. ஆனா பேய் ஓட்டுறது மட்டும் வேண்டாம்."

"என்ன சார் சொல்றீங்க?"

"கீழ இருந்து ஓட்டுனா அது எங்கம்மா போகும்? மேல நாங்கதான இருக்கோம்!"

வச்சுட்டாரு. மனுசனுக்கு வெயில் தலைக்கேறிடுச்சு போலன்னு நினைச்சுட்டு வண்டியைக் கிளப்பினேன்.

அடுத்து என் தம்பி. "எக்கா, வேலைய விட்டுட்டியா? வீட்டுல சொல்லவே இல்ல!"

"எந்த வேலைலே?"

"சரி விடு. செவ்வா, வெள்ளி ரெண்டு நாளுதான? மிச்ச நாளு கோடிங் பாத்துக்கோ."

ஒண்ணும் புரியல. கடைக்குப் போய்ச் சேர்ந்தேன். புரிஞ்சுது.

கடை வாசல்ல நான் நிக்கிறேன். அதாவது, ஆறு அடிக்கு மூணு அடி ஃப்ளெக்ஸ்ல நிக்கிறேன். என் வாட்ஸப் படத்தை எடுத்துப் போட்டிருக்காரு. அது எங்க அண்ணன் மகள் காதுகுத்துல எடுத்தது. பட்டுச்சேலை, நெத்தி நிறைய குங்குமம், அடுப்புப் புகை பட்டுக் கண்ணு பாதி சொருகி இருக்கும். பக்கத்துல ஒரு வேப்பங்குழை, ரெண்டு எலுமிச்சம்பழம், ஒரு சூலாயுதம். மேல கொட்டை எழுத்துல 'கோவில்பட்டியில் முதன்முறையாக!' கீழ வரிசையா 'குறி, சீட்டு, பேய், ஒத்தையாட்டம். செவ்வாய், வெள்ளி மட்டும்.'

"அண்ணாச்சீ!"

"வாங்க தங்கச்சி! எப்படி இருக்கு? வேப்பங்குழை நானா வச்சேன். அது ஒங்களுக்கு ஃப்ரீ."

"எனக்கு வேண்டியது ஸ்டிக்கர் அண்ணாச்சி! ஆறு இஞ்சு!"

"இஞ்சா? ஆறுக்கு மூணுன்னா அடின்னுதான எல்லாரும் சொல்லுதாவ? இஞ்சுல எவன் ஃப்ளெக்ஸ் அடிக்கான்?"

"செவ்வாய் வெள்ளின்னு நான் சொல்லவே இல்லையே!"

"அது சொல்லணுமாக்கும்? பொதன்கிழமை யாரு தங்கச்சி குறி கேப்பா?"

அதுக்கு மேல ஒரு இடி. அவர் செஞ்ச வேலையை எல்லாம் தினமும் வாட்ஸப் ஸ்டேட்டஸ்ல போடுறது அவர் வழக்கம். கோவில்பட்டியில பாதிப் பேர் நம்பர் அவர்கிட்ட இருக்கு. அதுல எங்க வீட்டுக்காரரும் என் தம்பியும் உண்டு.

உடனே அதை எடுங்கன்னேன். எடுத்தாரு. அப்புறம் நான் மூச்சு விட்டு, இது விளையாட்டு அண்ணாச்சின்னு விளக்க ஆரம்பிச்சேன்.

"ஒத்தையா உக்காந்து ஆடுறது அண்ணாச்சி."

"எதிர்க்க யாரு?"

"நான்தான்."

"கேள்வி கேக்குறது?"

"நான்."

"பதில் சொல்லுறது?"

"பகடை சொல்லும். அதுக்கு அர்த்தம் நான் சொல்லுவேன்."

"அவ்வளவு நேரமும் தனியா பேசிக்கிட்டே இருப்பீகளோ?"

"ஆமா."

அண்ணாச்சி என்னை மேலயும் கீழயும் பாத்தாரு. "தங்கச்சி, இதைப் பேய் பெட்டியிலதான் வைக்கணும்"னாரு. நாலு வகை ஒரே வகையாயிடுச்சு.

அப்பதான் பின்னாடி இருந்து ஒரு குரல். "தாயி!"

கம்ப்யூட்டர் பக்கத்துல ஒரு புருசனும் பொண்டாட்டியும் உக்காந்திருந்தாங்க. எட்டயபுரம் பக்கத்துல ஒரு கிராமம், ஆடு வளக்குற குடும்பம். மாரியம்மா, கருப்பசாமி. அவங்க வந்திருந்தது 'காணவில்லை' நோட்டீஸ் அடிக்க. காணாமப் போனது ஆள் இல்ல, ஒரு கிடா. ஸ்க்ரீன்ல அது பெருசா நின்னுச்சு. கருப்பு உடம்பு, நெத்தியில வெள்ளைச் சுட்டி. படத்துல கருப்பசாமி அதைக் கழுத்தோட சேத்துக் கட்டிப் பிடிச்சிருந்தாரு.

மாரியம்மாக்கா எந்திரிச்சு வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க.

"தாயி, எம் மக பிரசவத்துக்கு நேந்து விட்ட கிடா. தாயும் பிள்ளையும் நல்லபடியா வீடு வந்தாவ. வார வெள்ளிக்கிழமை கோயில்ல கொடை, அன்னைக்கு வெட்டணும். முந்தாநாத்து காலையில பாத்தா பட்டியில கிடா இல்ல. சாமிக்குச் சொன்னதைக் குடுக்கலன்னா அந்தப் பச்சப்பிள்ளைக்கு என்ன ஆகுமோன்னு எனக்குச் சோறு எறங்கல. ஒரு வார்த்தை சொல்லு தாயி!"

"அக்கா, எனக்குக் குறி எல்லாம் சொல்லத் தெரியாது. இது விளையாட்டு."

"தெய்வத்துக்கு எல்லாமே விளையாட்டுதான் தாயி."

இதுக்கு என்ன பதில் சொல்லுவீங்க? அண்ணாச்சியைப் பாத்தேன். அவர் மின்விசிறியைக் கூட்டி வச்சுட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டாரு, வேடிக்கை பாக்க.

அந்த அம்மா கண்ணுல தண்ணி. எனக்கு மனசு கேக்கல. கைப்பையில எப்பவும் ஒரு பகடை வச்சிருப்பேன், பத்துப் பக்கம் இருக்கிறது. அதை எடுத்தேன். "சோழி!"ன்னு மாரியம்மாக்கா கன்னத்துல போட்டுக்கிட்டாங்க. கருப்பசாமி மட்டும் நாற்காலியை ஒரு அடி பின்னுக்குத் தள்ளிக்கிட்டாரு.

"கிடா உசுரோட இருக்கா தாயி?"

உருட்டினேன். ஒம்பது. பெரிய நம்பர்னா ஆமா, சின்ன நம்பர்னா இல்லை. "இருக்குக்கா."

அக்கா ஒரு பெருமூச்சு விட்டாங்க, மேசையில இருந்த பேப்பர் பறந்துச்சு.

"எவனும் களவாண்டுட்டானா?"

நாலு. எங்க விளையாட்டுல நாலு விழுந்தா வெறும் இல்லை கிடையாது. 'இல்லை, ஆனா...' இந்த 'ஆனா'லதான் ருசியே இருக்கு. அதுக்கு அப்புறம் என்னன்னு ஆடுறவங்கதான் யோசிச்சுக் கண்டுபிடிக்கணும்.

"களவு போகலக்கா. ஆனா..." அப்படின்னு நிறுத்தினேன்.

நிறுத்தினேன்னா, வேணும்னு இல்ல. எனக்கு அடுத்து ஒண்ணும் தோணல. யோசிச்சா எனக்குக் கண்ணு பாதி மூடிக்கும், சின்ன வயசுல இருந்தே அப்படித்தான். அந்த ஃப்ளெக்ஸ்ல இருக்கிற மூஞ்சி அப்படியே வந்திருக்கும் போல.

"ஆனா..."ன்னேன் மறுபடி. திரும்பிக் கருப்பசாமியைப் பாத்தேன். சும்மாதான் பாத்தேன், அவர் பின்னாடி கடிகாரம் இருந்துச்சு.

"போதும் தாயி!"ன்னு அவர் எந்திரிச்சுட்டாரு. "ஏட்டி, நாந்தான். நாந்தான் கொண்டு போயிட்டேன். நாகலாபுரத்துல தங்கச்சி வீட்டுல கட்டிப் போட்டுருக்கேன்."

மாரியம்மாக்கா அவர் பக்கம் திரும்பினாங்க. அப்புறம் அஞ்சு நிமிசம் அங்க நடந்ததை எழுதினா இந்தப் பதிவைத் தூக்கிடுவாங்க. சுருக்கமாச் சொல்றேன். "கிடா எங்கன கிடா எங்கனன்னு நான் காடு கரை எல்லாம் அலையுதேன், கூடவே டார்ச் அடிச்சுக்கிட்டு வந்தீகளே மனுசா!" அதுதான் அதுல இருந்த மரியாதையான வரி.

கருப்பசாமி தலையைக் குனிஞ்சபடியே சொன்னாரு. "தாய் செத்த குட்டி. புட்டிப்பால் குடுத்து வளத்தேன். கருப்பான்னு கூப்புட்டா வந்து முட்டும். நேந்து விடும்போது சரின்னுதான் சொன்னேன். இப்ப முடியலட்டி. நான் என்ன செய்ய?"

அண்ணாச்சி மூக்கை உறிஞ்சினாரு.

மாரியம்மாக்காவும் கொஞ்சம் அடங்கினாங்க. ஆனா வாக்கு வாக்குதானே? பேரப்பிள்ளை விசயம். அவங்க என் பக்கம் திரும்பி, "நீயே கேட்டுச் சொல்லு தாயி. கிடாய வெட்டணுமா, வேண்டாமா? சாமி என்ன சொல்லுதோ அதுக்கு நானும் கட்டுப்படுதேன், இவியளும் கட்டுப்படட்டும்"னுட்டாங்க.

அய்யோ! இவ்வளவு நாளா காகிதத்துல இருக்கிற அரக்கனை வெட்டணுமான்னு கேட்டு உருட்டினவ நான். நெசமா ஒரு உசுருக்கு உருட்டினது இல்ல. கருப்பசாமி என்னைப் பாத்த பார்வை இருக்கே, அந்தக் கிடாவே பாத்த மாதிரி இருந்துச்சு.

கை வேர்த்து, பகடை வழுக்கி, மேசையில குதிச்சு, பிரிண்டிங் மெசினுக்கு அடியில போயிடுச்சு. நாலு பேரும் தரையில குப்புறப் படுத்தோம். முதல்ல பாத்தது கருப்பசாமிதான்.

"முட்டை!"ன்னு கத்தினாரு. "ஏட்டி, சைபரு விழுந்திருக்கு! ஒண்ணுமில்லன்னு அர்த்தம்! வெட்ட வேண்டாம்!"

"அப்படியா தாயி?"ன்னாங்க மாரியம்மாக்கா.

நானும் எட்டிப் பாத்தேன். சைபர்தான்.

இங்க ஒண்ணு சொல்லணும். நான் ஒத்தையா ஆடும்போது ஒருநாளும் கள்ளாட்டம் ஆடுனது இல்ல. என் சொந்த வீரன் செத்து விழுந்து, மூணு மாசக் கதை பாழாப் போனப்ப கூட, விழுந்தது விழுந்ததுதான்னு நோட்டை மூடி வச்சவ.

"ஆமாக்கா. முட்டைன்னா இல்லைன்னு அர்த்தம். வெட்ட வேண்டாம்"னேன்.

அக்கா சும்மா விடுற ஆள் இல்ல. "அப்ப நான் குடுத்த வாக்கு?"

"வாக்குப்படி கிடா சாமிக்குத்தான். உசுரோட குடுங்க. கோயில் கிடாவா நிக்கட்டும். அதுக்குத் தழை போடுறதும் தண்ணி காட்டுறதும் இவர் பொறுப்பு."

"கிடாய ஒளிச்சு வச்சதுக்கு?"

தரையில படுத்திருந்தபடியே யோசிச்சேன். "மொட்டை போடணும்."

அக்கா மூஞ்சி மலர்ந்துடுச்சு. "மீசையும் சேத்தா தாயி?"

கருப்பசாமி மீசையைப் பத்தி நான் இது வரைக்கும் சொல்லல. ரெண்டு பக்கமும் காது வரைக்கும் போகும். அதை வளக்க அந்தக் கிடாவுக்குப் போட்டதை விட அதிகமாப் போட்டிருப்பாரு. பாவமாத்தான் இருந்துச்சு. ஆனா அக்காவுக்கும் ஒரு நியாயம் வேணுமில்ல?

"மீசையும் சேத்து."

அவர் மீசையை ஒரு தடவை தடவினாரு. ஸ்க்ரீன்ல இருந்த கிடாவைப் பாத்தாரு. "சரி தாயி"ன்னுட்டாரு.

நோட்டீஸ் வேண்டாம்னு சொல்லிட்டு ரெண்டு பேரும் நாகலாபுரம் பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பினாங்க. படி இறங்கும்போது அக்கா அவரைத் திட்டிக்கிட்டே, அவர் சட்டையில ஒட்டியிருந்த தூசியைத் தட்டி விட்டாங்க.

நானும் அண்ணாச்சியும் மட்டும் மிச்சம். அவர் கத்தரியை எடுத்து என் ஃப்ளெக்ஸை வெட்டப் போனாரு. போனவரு நின்னு, குரலைத் தாழ்த்திக் கேட்டாரு.

"தங்கச்சி, நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன். நெசமாவே அந்த முட்டைக்கு என்ன அர்த்தம்?"

பொய் சொல்லி எனக்குப் பழக்கம் இல்ல. அன்னைக்கு ஏற்கனவே ஒண்ணு சொல்லியாச்சு.

"அந்தப் பகடையில பத்துங்கிற நம்பரே கிடையாது அண்ணாச்சி. பத்துக்குப் பதிலா சைபர்தான் போட்டிருக்கும். பத்து விழுந்தா 'ஆமா, அதோட...'ன்னு அர்த்தம். இருக்கிறதுலயே பெரிய ஆமா அதுதான்."

"அப்படின்னா?"

"வெட்டணும். அதோட, ஊருக்கே கறிச்சோறு போடணும்."

அண்ணாச்சி கத்தரியைக் கீழ வச்சுட்டாரு.

"வெள்ளிக்கிழமை சாப்பாட்டுக்கு என்னையும் வரச் சொல்லிருந்தாவ தங்கச்சி."